மாலைநேரக் கிளினிக்கும் அவசர சிகிச்சைப் பிரிவும்

தோட்டப்புறத்துக் கடிகாரம் பட்டணத்துக் கடிகாரத்தோடு ஒத்து ஓடுவதில்லை. விடியுமுன்பே பெரட்டு, இருள் பிரியும் வேளையில் மரத்தடியில் வெட்டுக்கத்தி, வெயில் ஏறிய பின் பால் எடுப்பு, நண்பகல் கடந்து நிறுவை. வீடு திரும்பிக் குளித்து, உண்டு, சற்றுத் தலை சாய்த்து எழுவதற்குள் மணி நான்காகிவிடும். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சுடுகிறதே" என்று தாய் திடுக்கிடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கோ காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுவது வழக்கம். பதிவு முகப்பு அதற்குச் சற்று முன்னரே அடைக்கப்பட்டுவிடும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரத்திற்கு 168 மணி நேரம். நாளொன்றுக்கு 9 மணி நேரம் வீதம் வாரத்தில் 5 நாள் கிளினிக் திறந்திருந்தால் 45 மணி நேரம் ஆகிறது. மதிய இடைவேளையையும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தையும் கழிக்காமலே போட்ட கணக்கு இது. எஞ்சிய 123 மணி நேரம், அதாவது வாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, கதவு சாத்தியே இருக்கிறது. அந்த 123 மணி நேரத்தில் நோயுற்றவர் எங்கே செல்வது?

முன்பெல்லாம் இக்கேள்விக்குத் தோட்டத்திற்குள்ளேயே விடை இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியும், அதை ஒட்டிய வீட்டில் குடியிருந்த டிரெஸ்ஸரும் நம் மூத்தோர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். இரவு எந்நேரமாயினும் வாசலில் நின்று "டிரெஸ்ஸர் ஐயா" என்று குரல் கொடுத்தால் உள்ளே விளக்கு எரியும். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது என்பதிலிருந்து, அவர்கள் தோட்ட வாழ்வில் வகித்த இடம் விளங்கும். அவர்கள் கொடுத்த மருந்தெல்லாம் சிறந்தது என்று நாம் கூற வரவில்லை. வெள்ளை மருந்தும் சிவப்பு மருந்துமாக இரண்டு போத்தல்களை வைத்துக்கொண்டு எல்லா நோய்க்கும் வைத்தியம் பார்த்ததாக அவர்களைக் கேலி பேசியவர்களும் உண்டு. ஆயினும், "இது விடியும் வரை பொறுக்கும், இது பொறுக்காது, லாரியை எடுக்கச் சொல்லுங்கள்" என்று பிரித்துச் சொல்ல ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார். மருந்தைக் காட்டிலும் அந்தச் சொல்லே பெரியது என்பது நம் கருத்து. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணங்களை நோக்கிப் பெயர்ந்தன. இன்று பல தோட்டங்களில் அந்த விளக்கு எரிவதில்லை.

ஆகவே, இரவில் விளக்கு எரியும் இடத்தை நாடி மக்கள் செல்கின்றனர். அதுவே அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. அது 24 மணி நேரமும் திறந்திருக்கும். கட்டணமும் மலேசியக் குடிமக்களுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் அதே ஒரு வெள்ளிதான். சளிக்கும், இருமலுக்கும், வயிற்றுப்போக்குக்கும், மூன்று நாளாக இருந்த இடுப்பு வலிக்கும் அங்கே செல்பவர்கள் நிறைய. இவர்களைக் 'கூட்டம் சேர்ப்பவர்கள்' என்று குறை கூறுவது நமக்கு உடன்பாடன்று. பகலில் கிளினிக்குக்குப் போனால் அன்றைய வெட்டுக் கூலி போகும். தொழிலாளி தாமே நோயுற்றால் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு: ஈராண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவருக்கு 18 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். நோயுற்றது பிள்ளையாயின் அச்சட்டத்தில் அதற்கெனத் தனி விடுப்பு இல்லை. ஒரு தாய் மாலைவரை பொறுத்திருந்து, பின்னர் மருத்துவமனைக்கு ஓடுவதில் வியப்பென்ன இருக்கிறது?

அவசரப் பிரிவில் நடப்பது

அங்கே சென்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் மனக்குறை ஒன்றுண்டு. "எங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அழைத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் நடுநிசி வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தோம்" என்பர். இது பாரபட்சமன்று. அவசரப் பிரிவில் வந்த நேரம் வரிசையாகாது. நோயின் கடுமையே வரிசை. வாசலில் ஒருவர் நோயாளியைப் பார்த்து, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் முதலியவற்றைச் சோதித்து, மூன்று நிறங்களுள் ஒன்றில் சேர்க்கிறார். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு. ஆபத்து நெருங்கக்கூடும் என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. சிவப்புக்குரியவர் நேரே உள்ளே கொண்டு செல்லப்படுகிறார். பச்சைக்குரியவர், சிவப்பும் மஞ்சளும் கவனிக்கப்பட்ட பின்னரே அழைக்கப்படுகிறார். சளிக் காய்ச்சலோடு சென்றவர் மணிக்கணக்காக உட்கார நேர்வது இதனால்தான். நீண்ட நேரம் காக்க வைக்கப்பட்டால், நம் நோய் உயிருக்கு உலை வைப்பதன்று என ஒருவர் பார்த்து முடிவு செய்திருக்கிறார் என்று பொருள். அதேவேளையில், காத்திருக்கும்போது நோய் முற்றுவதாகத் தோன்றினால் வாய் மூடி இருக்கலாகாது. மீண்டும் வாசலுக்குச் சென்று சொல்ல வேண்டும். பச்சை மஞ்சளாக மாறுவதுண்டு.

இந்தப் பச்சைப் பகுதியினருக்கு வேறோர் இடம் அமைத்துத் தந்தால் என்ன என்னும் எண்ணத்திலிருந்தே மாலைநேரக் கிளினிக்குகள் தோன்றின. நம் நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட சில சுகாதாரக் கிளினிக்குகள் மாலை 5 மணிக்கு மூடாமல் இரவு 9.30 வரை நோயாளிகளைப் பார்க்கின்றன. எல்லாக் கிளினிக்குகளும் அல்ல. நோயாளிகள் அதிகம் வரும் இடங்களே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2010-ஆம் ஆண்டு சனவரியில் 50 'ஒரே மலேசியா' கிளினிக்குகள் திறக்கப்பட்டபோது அவை காலை 10 மணி முதல் இரவு 10 மணி வரை, விடுமுறை நாள் உட்பட நாள்தோறும் இயங்கும் என அறிவிக்கப்பட்டது. அவற்றில் நோயாளிகளைப் பார்த்தவர்கள் மருத்துவ அதிகாரிகள் அல்லர். உதவி மருத்துவ அதிகாரிகளும் தாதியரும் ஆவர். உதவி மருத்துவ அதிகாரி என்பவர் வேறு யாருமல்லர். முன்னாளில் மருத்துவ உதவியாளர் எனப்பட்டவரின் இன்றைய பெயரே அது. நம் தோட்டத்து டிரெஸ்ஸருக்கு அவர் நெருங்கிய உறவினர் என்று சொல்லிக்கொள்ளலாம். பின்னர் அக்கிளினிக்குகள் சமூகக் கிளினிக் எனப் பெயர் மாறின. 2023-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் மடானி மருத்துவத் திட்டம் 10 மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. அரசாங்க உதவித் தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்கள், சிறு நோய்களுக்குத் தனியார் கிளினிக்கில் இலவசமாகச் சிகிச்சை பெற அது வழி செய்தது. தொடக்கத்தில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 250 வெள்ளி என வரையறுக்கப்பட்டது. பட்டணத்துத் தனியார் கிளினிக்குகள் பல இரவு வரை திறந்திருப்பவை என்பதால், இதுவும் ஒருவகையில் அந்தி நேர மருத்துவமே.

கூட்டம் குறைந்ததா?

கிளினிக்கை இரவில் திறந்தால் அவசரப் பிரிவுக்குச் செல்வோர் குறைவர் என்பது கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத்தக்கதாகத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துக் குழாய்க் கணக்கைப் போல, ஒரு குழாயைத் திறந்தால் மற்றொரு தொட்டியில் நீர் குறைய வேண்டுமல்லவா? மனிதர் விஷயத்தில் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. இதனை அளந்து பார்த்த ஆய்வுகளுள் இரண்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பெருநகர வட்டாரத்தில் 2014-ஆம் ஆண்டில் 56 குடும்ப மருத்துவ நிலையங்கள் வழக்கமான நேரத்திற்கு மேலும், வாரம் ஏழு நாளும் நோயாளிகளைப் பார்த்தன. வழக்கமான நேரத்தில் மட்டும் இயங்கிய 469 நிலையங்களோடு அவற்றை ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சிறு நோய்களுக்காகத் தாமாகவே அவசரப் பிரிவுக்குச் சென்றவர்களின் வருகை 26.4 விழுக்காடு குறைந்திருந்தது. நால்வரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இது சிறிய பயனன்று. ஆனால் எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்து எண்ணியபோது குறைவு 3.1 விழுக்காடு மட்டுமே. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியது. பணக் கணக்கையும் அவர்கள் மறைக்கவில்லை. கூடுதல் நேரத்திற்குச் செலவு 3.1 மில்லியன் பவுன். அவசரப் பிரிவில் மிச்சமானது ஏறத்தாழ 7 இலட்சத்து 68 ஆயிரம் பவுன். ஒரு வெள்ளி மிச்சம் பிடிக்க நான்கு வெள்ளி செலவழிப்பதற்கு ஒப்பானது இது.

மற்றோர் ஆய்வு கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், 110 அவசரப் பிரிவுகளைக் கொண்டு செய்யப்பட்டு 2007-இல் வெளிவந்தது. அவர்கள் கேட்ட கேள்வி கூர்மையானது: சிறு நோயாளிகள் திரண்டு வருவதால் கடும் நோயாளிகள் எவ்வளவு தாமதமாகின்றனர்? எட்டு மணி நேரத்தில் சிறு நோயாளிகள் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்றவர்கள் மருத்துவரை முதலில் காணும் நேரம் சராசரியாக 2.1 நிமிடமும், அவர்கள் அங்கே தங்கும் நேரம் 5.4 நிமிடமும் கூடின. அவ்வளவுதான். நிற வரிசை ஒழுங்காக நடைபெறும் இடத்தில், பச்சை நாற்காலியில் அமர்ந்திருப்பவர் சிவப்புக் கட்டிலில் கிடப்பவரின் வழியை அதிகம் மறிப்பதில்லை. அவசரப் பிரிவு நெரிசலுக்கு முதற் காரணம் வேறு. வார்டில் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்ட நோயாளிக்கு மேலே படுக்கை காலியாகாததால், அவர் கீழேயே கிடக்க நேர்கிறது. அப்படிப் பத்துக் கட்டில்கள் அடைபட்டால் பதினோராவது நோயாளிக்கு இடமேது?

அப்படியாயின் மாலைநேரக் கிளினிக் வீண்செலவா என்று கேட்கத் தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. அவசரப் பிரிவைக் காலி செய்வதே அதன் நோக்கம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் உண்மையான பயன் நோயாளிக்கே. முதல் நாள் மாலையிலேயே பார்க்கப்படுகின்ற காய்ச்சலும், "நாளைக்கு வெட்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று தள்ளிப்போடப்படுகின்ற காய்ச்சலும் ஒன்றல்ல. பின்னதுதான் சில வேளைகளில் சிவப்புக் கட்டிலில் முடிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நன்கு பயன் தந்த ஏற்பாடுகள் கதவைத் திறந்து வைத்ததோடு நிற்கவில்லை. நெதர்லாந்து நாட்டில் 2000-ஆம் ஆண்டையொட்டிக் குடும்ப மருத்துவர்கள் பெருங்குழுக்களாக ஒன்றுசேர்ந்து இரவு நிலையங்களை அமைத்தனர். அவை மாலை 5 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரையும், வார இறுதி முழுவதும் இயங்குகின்றன. நோயாளி முதலில் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர் கேள்விகள் கேட்டு, "வீட்டில் இதைச் செய்யுங்கள்", "இங்கே வாருங்கள்", "அவசர ஊர்தி வருகிறது" என்று வழி சொல்கிறார். மாஸ்ட்ரிக்ட் போன்ற நகரங்களில் இரவு நிலையம் மருத்துவமனை வளாகத்திலேயே அமைந்து, தாமாக வருவோரை மருத்துவர் முதலில் பார்க்கும் ஏற்பாடு வந்தபின், அவசரப் பிரிவுக்குத் தாமாகச் சென்றோர் வெகுவாகக் குறைந்தனர். அண்டை நாடாகிய சிங்கப்பூரில் சாங்கி பொது மருத்துவமனை 2014-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வட்டாரக் கிளினிக் மருத்துவரைப் பார்த்து, அவர் அனுப்பி வைத்தால், அவசரப் பிரிவுக் கட்டணத்தில் 50 டாலர் கழிவு தரப்பட்டது. இம்முறைகள் எல்லாவற்றிலும் நடுவில் ஒருவர் இருக்கிறார்: எது பொறுக்கும், எது பொறுக்காது என்று பிரித்துச் சொல்பவர். நம் டிரெஸ்ஸர் செய்த வேலையைத்தான் அவர்கள் தொலைபேசி வைத்தும் கழிவு கொடுத்தும் செய்கின்றனர்.

நம் தோட்டத்தில் அப்படி ஒருவர் இல்லாதபோது, அந்தப் பிரித்தறியும் வேலை வீட்டாரின் தலையிலேயே விழுகிறது. ஆதலின் சில அடையாளங்களைப் பாடமாகவே அறிந்து வைத்தல் நலம்.

பொறுக்கும் நோய், பொறுக்காத நோய்

முதலில் டிங்கிக் காய்ச்சலைச் சொல்ல வேண்டும். ரப்பர் தோட்டத்திற்கும் அதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. வெட்டு நிறுத்தப்பட்ட மரங்களில் மழைநீர் தேங்கிய பால் மங்குகள் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகின்றன. இலையுதிர் காலத்தில் மங்குகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது இதனாலேயே. டிங்கியில் நம்மை ஏமாற்றுவது அதன் போக்கு. காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் வரை அடிக்கும். பிறகு சூடு தணியும். "அக்கா, பிள்ளைக்குச் சூடு விட்டுப்போச்சு, இனிப் பயமில்லை" என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லி மகிழும் அந்த நேரமே ஆபத்தின் தொடக்கமாக இருக்கக்கூடும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் சூடு இறங்கும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. அந்த ஓரிரு நாளே கண்டம். அப்போது ஓயாத வாந்தி, கடுமையான வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, எழுப்பினாலும் எழாத சோர்வு அல்லது காரணமின்றி அமைதியிழத்தல், சிறுநீர் குறைதல், கைகால் குளிர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இரவு 2 மணியானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்க.

ஆனால் காய்ச்சலின் முதல் மாலையில், பிள்ளை நீர் அருந்துகிறது, பேசுகிறது, சிறுநீர் கழிக்கிறது என்றால், அதற்குரிய இடம் மாலைநேரக் கிளினிக்கே. அங்கே இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். மறுநாள் வரச் சொன்னால் மறுநாள் போக வேண்டும். இந்த இரண்டாம் வருகையைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவற விடுகின்றனர். இரத்தத்தின் அளவுகள் நாளுக்கு நாள் எப்படி மாறுகின்றன என்பதைக் கொண்டே மருத்துவர் ஆபத்தைக் கண்டறிகிறார். ஒரே நாள் இரத்தம் பாதிக் கதையையே சொல்லும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். டிங்கி என்ற ஐயம் இருக்கும்போது கடையில் கிடைக்கும் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தரலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்த வரிசையே வேறு. அக்குழந்தையை நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அடுத்து மார்பு வலி. நம் இனத்தாரிடையே இதில் ஒரு தீராத பழக்கம் உண்டு. நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற வலி வந்தால், "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி இஞ்சியும் ஓமமும் தேடுவது. வலி தாடைக்கும் இடக் கைக்கும் பரவி, உடல் வியர்த்து, மூச்சு வாங்கினால் அதை வாயு என்று யாரும் தீர்மானிக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமல், வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டுமாய் மாரடைப்பு வரலாம் என்பதைப் பலர் அறியார். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டு இந்தியருள் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். ஆகையால் இது ஏதோ அயல்வீட்டுக் கதையன்று. இவர்கள் மாலைநேரக் கிளினிக்கைத் தேடிச் சென்று நேரம் கழிக்கவும் வேண்டாம். அங்கிருந்தும் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். இடையில் ஒரு மணி நேரம் வீணாகும்.

வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமல் தொங்குதல், பேச்சுக் குழறுதல் ஆகியன பக்கவாதத்தின் அடையாளங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் பயன்படும். அதுவும் எல்லாருக்கும் ஏற்றதன்று. எனவே, நோயாளி கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை மணிக்கணக்கோடு சொல்லக்கூடிய ஒருவர் உடன் செல்ல வேண்டும்.

பாம்புக் கடியைப் பற்றித் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நாம் அச்சமூட்டத் தேவையில்லை. வடமாநிலத்து ரப்பர்க் காடுகளில், சருகோடு சருகாகச் சுருண்டு கிடந்து, அருகில் மிதித்தாலும் அசையாத 'காப்பாக் போடோ' என்னும் குழிவிரியனைக் கண்டவர்கள் அநேகர். கடிவாயைக் கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடாதவை. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. எட்டி நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்க முடிந்தால் போதும். மருந்தடிக்கும் வேலையில் களைக்கொல்லி வாயில் போய்விட்டாலும் இவ்வாறே. வலி இல்லை, வாந்தி இல்லை என்று காத்திருத்தல் ஆகாது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. எங்காவது பழைய கலன் கிடந்தால், அதைத் தொடாமல் தோட்ட அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

மற்றபடி தொண்டை வலி, சளி, காது வலி, சிறு வெட்டுக் காயம், கண் சிவத்தல், சொறி, நாலைந்து முறை போன வயிற்றுப்போக்கு ஆகியன மாலைநேரக் கிளினிக்குக்கு உரியவை. அவற்றுள்ளும் சில மறுநாள் வரை பொறுக்கக்கூடியவை. இளைப்பு உள்ளவர் ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடிந்தால் கிளினிக். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால் மருத்துவமனை.

சிலவற்றை நோய் வருமுன்பே, பகலில் விசாரித்து வைக்க வேண்டும். அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்குகளில் எது மாலையில் திறந்திருக்கிறது, பதிவு எத்தனை மணிக்கு முடிகிறது, வார விடுமுறையில் உண்டா என்று கேட்டுக் குறித்து வைக்கலாம். கெடாவில் இருப்போருக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆயினும் பேராக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவினர் சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் குழம்பிப் போவதைக் கண்டிருக்கிறோம். மாலைநேர மருத்துவர் நம்மை முன்பின் அறியாதவராக இருக்கலாம். ஆதலின், உண்ணும் மாத்திரைகளையும், நீரிழிவு அல்லது இரத்த அழுத்தப் புத்தகத்தையும், பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. "வெள்ளையாய் ஒரு சிறு மாத்திரை" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது; வெள்ளையாய் இருப்பவை நூற்றுக்கணக்கில் உள்ளன.

அவசர ஊர்திக்கு 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். அழைப்பவர் பதற்றத்தில் "சீக்கிரம் வாருங்கள்" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவதுண்டு. தோட்டத்தின் பெயர், எத்தனையாவது டிவிஷன், பெரிய சாலையில் எந்தக் கல் அல்லது எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், நோயாளி மூச்சு விடுகிறாரா, பேசுகிறாரா என்பனவற்றைச் சொல்லி, மறுமுனையில் இருப்பவர் போதும் என்னும் வரை காத்திருக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதைகள் எல்லாம் இரவில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் விளக்கை எரியவிட்டுச் சந்திப்பில் நின்று ஊர்தியை வழிகாட்டி அழைத்து வருவது நல்லது. ஊர்தி வருவதற்கு நெடுநேரம் ஆகும் உட்புறத் தோட்டங்களில், இரவில் எந்த வாகனம் கிடைக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கிறது, மண்டோரிடமா கிராணியாரிடமா என்பதை லயத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியின் அலை தோட்டத்தில் எந்த மேட்டில் கிடைக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டி வைக்கலாம்.